கையில் கொடுத்த பாட்டில்

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போனால் பல், கண், ரத்தப் பரிசோதனை என்று ஒரு சுற்று போய் வருவது நம்மில் பலருக்கும் வழக்கம்தான். இந்த முறை என் மனைவி மேமோகிராமும், அதாவது மார்பக எக்ஸ்ரேயும் எடுத்துக்கொண்டாள். ரிப்போர்ட்டில் பைராட்ஸ் 4. அந்த அளவுகோல் 0 முதல் 6 வரை. 4 என்றால் சந்தேகம் இருக்கிறது, பயாப்சி செய்து, அதாவது கொஞ்சம் சதை எடுத்துச் சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது என்று அர்த்தம். புற்றுநோய் என்றே அர்த்தமில்லை. அவளிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன், பாதி எனக்காக.

வெளிநாட்டில் கடிதம், அழைப்பு, காத்திருப்பு என்று இழுக்கும் வேலை இங்கே பயாப்சி வரை ஒரே சனிக்கிழமையில் முடிந்தது. அதுவரை எல்லாம் பிரமாதம்.

அப்புறம்தான், "பேஷண்ட் கூட வந்தவங்க யாரு?" என்று குரல் வந்தது. எழுந்து போனால், நர்ஸ் என் கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலை வைத்தார். உள்ளே சதை கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவம், அதில் நூல் நூலாகச் சில வெளிறிய துணுக்குகள். "லேப்ல குடுத்துடுங்க சார், சீக்கிரம் போங்க, மூடிடுவாங்க." லேப் அந்தக் கட்டடத்திலேயே இல்லை! லேபிளில் பெயரும் வயதும் மட்டும். இடதா வலதா, எத்தனை மணிக்கு எடுத்தது, எதுவும் இல்லை. "எல்லாம் ஃபார்ம்ல இருக்கும் சார்" என்றார். நான் நகரவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்.

அங்கே என்றால் பார்கோடு ஒட்டி உள்ளுக்குள்ளேயே போய்விடும், நம் கண்ணிலேயே படாது. இங்கே மனைவியின் சதையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போகிறேன். அப்பா காலத்திலும் இதே கதைதான். ரத்தம், மருந்து, எக்ஸ்ரே எல்லாவற்றுக்கும் கூட வந்தவர்தான் ஓட வேண்டும். இத்தனை வருடத்தில் கட்டடம் மட்டும்தான் கண்ணாடியாகியிருக்கிறது.

லேபில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. "பில் போட ஆள் இல்ல சார், திங்கட்கிழமை வாங்க." சரி, பாட்டிலோடு வீட்டுக்கு. மாமியார் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னார். வேண்டாம் அத்தை, ஃபார்மலினில் இருப்பதை வெளியிலேயே வைக்கலாம் என்று அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். மார்பகச் சதை 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் ஃபார்மலினில் ஊற வேண்டும்; தப்பினால், புற்றுநோயாக இருக்கும் பட்சத்தில் எந்த மருந்து பலிக்கும் என்று அறியப் பார்க்கும் ஹார்மோன், ஹெர்2 பரிசோதனைகளை நம்ப முடியாமல் போகலாம். ஞாயிறு முழுக்க மணியை எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் நிம்மதியாக டிவி பார்த்தாள். "பாட்டிலை விடுங்க, என்னைக் கொஞ்சம் பாருங்க" என்றாள் ஒரு தடவை.

திங்கள் காலை ஷட்டர் ஏறும்போதே நின்றேன். அதே லேபில்தான் நான் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. ரிப்போர்ட் வாங்கப் போனபோது, அதில் கையெழுத்துப் போட்ட பேத்தாலஜிஸ்டே, அதாவது சதையைச் சோதித்து நோயைச் சொல்லும் மருத்துவரே, எங்கள் இருவரையும் உள்ளே அழைத்து மைக்ராஸ்கோப்பில் காட்டினார். "ஃபைப்ரோஅடினோமாம்மா. கட்டிதான், புற்று இல்லை." அவளைப் பார்த்துத்தான் பேசினார், என்னைப் பார்த்து அல்ல. வெளிநாட்டில் பேத்தாலஜிஸ்ட் என்று ஒருவர் இருப்பதே ரிப்போர்ட்டின் அடியில் உள்ள பெயரைப் பார்த்தால்தான் தெரியும்.

சதையின் மெல்லிய சீவல் ஒட்டிய கண்ணாடி ஸ்லைடையும், மீதிச் சதையை மெழுகில் பதித்த பாரஃபின் பிளாக்கையும் கேட்டோம், கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார்கள். பரிசோதனைக்குப் போகிறவர்கள் இவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; வேறு மருத்துவரிடம் காட்ட வெறும் ரிப்போர்ட் போதாது. சனிக்கிழமை மட்டும் பயாப்சிக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.