ஒரு இன்வர்ட் சீலுக்கு நாற்பது நிமிஷம்

அப்பா வீட்டுக் கடனைக் கட்டி முடித்தது 2024 அக்டோபர் 28, தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால். பதினாறு வருஷத் தவணை. கடைசி ரசீதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, கீழே "இனி நம்ம வீடு" என்று எழுதியிருந்தார். பொங்கலுக்கு நான் கும்பகோணம் போய் இறங்கியபோது வீட்டுப் பத்திரம் இன்னும் வங்கியிலேயே இருந்தது.

"கேட்டீங்களாப்பா?"

"மூணு தடவை போயிட்டு வந்தேன். சென்னையிலேர்ந்து வரணுமாம். வரும்ப்பா."

மூன்று தடவையும் வாயால் கேட்டிருக்கிறார். எழுதிக் கொடுக்கவில்லை. அவருக்கு வங்கி என்றால் இன்னும் அந்தப் பழைய கிளைதான்: பித்தளை டோக்கன், கயிற்றில் கட்டிய பேனா, பேர் சொல்லிக் கூப்பிடும் அக்கவுண்டன்ட். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் கிளம்பிப் போவார். அங்கே போய்ப் புகார் எழுதிக் கொடுப்பது அவர் மனசுக்கு ஒப்பவில்லை.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. உள்ளே இருப்பது வெறும் கிரயப் பத்திரம் இல்லை. 1968-இல் தாத்தா இடம் வாங்கிய மூலப்பத்திரமும் அந்தக் கட்டுக்குள்தான், அதில் பாட்டியின் கைநாட்டு இருக்கிறது. தொலைத்துவிட்டு மழுப்புகிறார்களோ என்று தோன்றியபோது வயிற்றைப் பிசைந்தது.

இதற்கு விதி இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13-இல் சுற்றறிக்கை போட்டு, அந்த டிசம்பர் 1-இலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கடன் முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், பதிவேட்டில் இருக்கும் அடமானத்தையும் நீக்க வேண்டும். தாமதமானால் காரணத்தை அவர்களே நமக்குச் சொல்ல வேண்டும். தவறு அவர்கள் பக்கம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. பத்திரம் தொலைந்திருந்தால் நகல் எடுக்கும் செலவும் அவர்களுடையதே. இதைப் படித்துக் காட்டியபோது அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இதை அவங்க ஒருத்தரும் சொல்லலையே" என்றார். அந்த வார்த்தை இப்போதும் எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஜனவரி 6, திங்கட்கிழமை. ஒரு பக்கக் கடிதம், இரண்டு பிரதி. கவுண்டரில் இருந்த பெண் வாங்கிப் படித்தார், மரியாதையாகத்தான் பேசினார். "மெயில் போட்டுடுங்க சார், நாங்க ஃபார்வர்ட் பண்ணிடறோம்."

"மெயிலும் போடறேன்மா. இந்தப் பிரதியில மட்டும் பெற்றுக்கொண்டதா இன்வர்ட் சீல் வச்சுக் கொடுங்க."

"அது மேனேஜர் சார்தான் சொல்லணும். அவர் மீட்டிங்ல இருக்கார்."

சீல் அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. மரப்பிடி போட்ட செவ்வகச் சீல், பக்கத்தில் ஊதா மை உலர்ந்துபோன பேடு. தேதிச் சக்கரம் சனிக்கிழமையின் 4-இலேயே நின்றிருந்தது. நாற்பது நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நடுவில் அப்பா என் தோளைத் தொட்டு, "லெட்டர் கொடுத்தாச்சுல்ல, போதும் வா" என்றார். பக்கத்து நாற்காலிக்காரர்கள் பார்க்கிறார்களே என்று அவருக்குக் கூச்சம். எனக்கோ அவர் கூசுவதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் பொங்கியது. தப்பு செய்தவர் அவர் இல்லையே.

நான் இங்கிலாந்தில், லெஸ்டரில் பதினொரு வருஷமாக இருக்கிறேன். ஒரு தடவை கடன் அட்டையில் தப்பாகப் பிடித்த தொகையைப் பற்றி வங்கிக்குப் போன் செய்தேன். புகார் என்ற சொல்லைக்கூட நான் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் இருந்தவரே "இதைப் புகாராகப் பதிந்துகொள்கிறேன்" என்றார், சில நாளில் கடிதம் வந்தது. அங்கே பதில் சொல்ல வங்கிக்கு எட்டு வாரம் வரை அவகாசம் உண்டு, நம் 30 நாளைவிட அது நீளம்தான். ஆனால் அவர்கள் அனுப்பும் இறுதிப் பதிலிலேயே, திருப்தி இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள், புகாரை விசாரித்துத் தீர்த்துவைக்கும் நிதி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம் என்று எழுதியிருக்கும். நம்மை அடுத்த படிக்கு அனுப்பும் பொறுப்பு வங்கியுடையது. இங்கே படிகள் எல்லாம் சரியாகவே கட்டப்பட்டிருக்கின்றன, முதல் படியில் கால் வைக்கத்தான் விடமாட்டேன் என்கிறார்கள்.

கடைசியில் எழுந்து போய், "சீல் தர முடியாதுன்னா அதையே ஒரு வரி எழுதிக் கொடுங்க" என்றேன். கூடவே, வங்கியில் புகார்களுக்குப் பொறுப்பான முதன்மை நோடல் அதிகாரியின் பேரும் தொலைபேசி எண்ணும் கிளையில் மாட்டியிருக்க வேண்டுமே, எங்கே என்று கேட்டேன். மாட்டித்தான் இருந்தது, நகைக் கடன் விளம்பரப் பலகைக்குப் பின்னால். படம் எடுத்துக்கொண்டேன். ஐந்து நிமிஷத்தில் மேலாளர் வெளியே வந்தார். அந்தப் பெண் சக்கரத்தை நகத்தால் நெருடி 6-க்குக் கொண்டுவந்து, சீலைக் குத்திக் கையெழுத்துப் போட்டார். மை பாதிதான் பிடித்தது. பரவாயில்லை, தேதி தெளிவாக இருந்தது.

அந்தத் தேதி ஏன் முக்கியம் என்று மத்தியானமே தெரிந்தது. ரிசர்வ் வங்கியின் 14448-க்கு அழைத்தேன். தமிழிலேயே பேசினார்கள், உண்மையிலேயே எதிர்பார்க்கவில்லை. அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி: "வங்கியில எழுத்து மூலமா கொடுத்தீங்களா? என்னைக்கு?" வங்கிக்குக் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோதான் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் போக முடியும், அதற்கு அப்போது ஒரு வருஷம் வரை நேரம் இருந்தது. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. சி.எம்.எஸ். என்ற புகார்த் தளத்தில் பதியலாம், இல்லையென்றால் சண்டிகரில் இருக்கும் ரிசர்வ் வங்கியின் புகார் மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். பொறுமையாகச் சொல்லி, நான் எழுதிக்கொள்ளும் வரை காத்திருந்தார். 1995-இல் இந்த ஏற்பாடு வந்த காலத்தில் எந்த ஊர்க் கிளை, எந்த ஆம்புட்ஸ்மேன் என்று பார்த்துப் போக வேண்டியிருந்தது. 2021 நவம்பரில் வங்கி, நிதி நிறுவனம், டிஜிட்டல் பணப் பரிமாற்றம் மூன்றுக்கும் தனித்தனியாக இருந்த திட்டங்களை ஒன்றாக்கிவிட்டார்கள்.

சித்தப்பா கடன் வாங்கியிருப்பது வீட்டுவசதி நிதி நிறுவனத்தில். அவருக்கு இந்த வாசல் இல்லை, தேசிய வீட்டுவசதி வங்கியிடம் போக வேண்டும். ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கம் என்றால் கூட்டுறவுச் சங்கப் பதிவாளர். எதற்கும் நுகர்வோர் ஆணையம் தனியாக இருக்கிறது. கடன் எந்த மாதிரி நிறுவனத்தில் என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டிலேயே இரண்டு பேருக்கு இரண்டு வாசல்.

பத்திரம் ஜனவரி 21-இல் வந்தது. எண்பத்தைந்து நாள். அப்பா திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். மூலப்பத்திரத்தின் மடிப்புகள் பழுப்பேறி, தொட்டால் உதிரும்போல இருந்தன. பாட்டியின் கைநாட்டு வந்ததும் அந்தப் பக்கத்தை வெகுநேரம் திருப்பவில்லை. அப்புறம் சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமானம் தீர்ந்ததற்கான எம்.ஓ.டி. ரசீது போட்டு, ஈசி என்கிற வில்லங்கச் சான்றும் எடுத்தாயிற்று.

இழப்பீடு பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. 30 நாள் போக 55 நாள் தாமதம், 2,75,000 ரூபாய். "பத்திரம் கிடைச்சிடுச்சுல்ல, விட்டுடுப்பா" என்றார் அப்பா. நான் விடவில்லை. உங்களுக்கு அடுத்து அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவருக்காகவாவது கேட்போம்ப்பா என்றேன். ஒன்றும் பேசாமல் உள்ளே போய், சீல் வைத்த அந்தக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வந்து கொடுத்தார்.

30 நாள் கெடு முடியும் பிப்ரவரி 5-உம் பதிலில்லாமல் போனது. 8-ஆம் தேதி சனிக்கிழமை காலை, லெஸ்டரில் வெளியே இருட்டு பிரியவில்லை. அப்பா பேரில், அப்பா கைப்பேசி எண்ணில் தளத்தைத் திறந்தேன். ஓ.டி.பி. அவருக்குப் போயிற்று.

"சொல்லட்டுமாப்பா?"

"நிதானமா சொல்லுங்கப்பா."

ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். புகார் எண் வந்ததும், "இரு, பேனா எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, பாஸ்புக்கின் பின்னட்டையில் எழுதிக்கொண்டார்.