பிஎம்ஐ வரைபடமா, அளவு நாடாவா?

தென்னாப்பிரிக்காவில் பிள்ளையின் வளர்ச்சியைக் குறித்துவைக்க 5 வயதுவரை 'ரோட் டு ஹெல்த்' என்ற பதிவுப் புத்தகம் இருக்கிறது. அப்புறம் எடை சரியா என்று அறிய எதைப் பார்ப்பது, பிஎம்ஐ (எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) வரைபடத்தையா, நாடாவையா என்று டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஆயாக்கள் கேட்கிறார்கள்.

செலவு: வரைபடத்துக்கு எடை மெஷினும் சரியான உயர அளவும் வேண்டும், நாடா தையல் பெட்டியிலேயே கிடக்கும்.

கணக்கு: உலக சுகாதார நிறுவனத்தின் 2007 வரைபடத்தில் வயது, ஆணா பெண்ணா பார்த்துப் புள்ளி வைக்க வேண்டும். நடுக்கோட்டுக்கு (0) மேலே +1 கோட்டைத் தாண்டினால் அதிக எடை, +2 தாண்டினால் உடல் பருமன், -2க்குக் கீழே மெலிவு. நாடாவில், வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருந்தால் சரி.

தெற்காசிய வம்சாவளிப் பிள்ளைகளுக்கு அதே பிஎம்ஐயில் கொழுப்பு கூடுதலாக இருக்கும். ஒல்லியான கை கால், முன்தள்ளிய தொப்பை. இவர்களுக்கு நாடாதான் உண்மை பேசும். மெலிவை மட்டும் அது சொல்லாது. ஆகவே பள்ளிப் பரிசோதனைக்கு வரைபடம், வீட்டில் நாடா.