வேலை தேடும் நாடும் வாங்க ஆள் தேடும் நாடும்

இன்றைய இந்தியா எந்த ஆண்டுச் சீனா? தலா ஜிடிபியை, அதாவது நாட்டின் ஓராண்டு உற்பத்தியைத் தலைக்கு வகுத்த எண்ணை, வைத்துச் சொன்னால் 2007ஆம் ஆண்டுச் சீனா. உலக வங்கிக் கணக்குப்படி 2024இல் இந்தியாவில் தலைக்கு ஏறத்தாழ 2,700 டாலர்; சீனா அந்த எண்ணைத் தொட்டது பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு முந்தைய ஆண்டில். இப்போது அங்கே 13,000 டாலரைத் தாண்டியாயிற்று. சரி, பதினேழு வருஷம் பின்னால் இருக்கிறோம், இன்னும் பதினேழு வருஷத்தில் அங்கே போய் நிற்போம் என்று கணக்குப் போட்டால் தப்பு. தலா வளர்ச்சி ஆண்டுக்கு ஐந்தரை சதவீதம் என்று வைத்தாலும், சீனாவின் இன்றைய நிலையை எட்ட முப்பது ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். அதுவரை சீனா சும்மா உட்கார்ந்திருக்கப் போவதில்லை.

இத்தனைக்கும் 1990இல் இரண்டு நாடுகளும் கிட்டத்தட்ட ஒரே வறுமையில்தான் இருந்தன. தலா ஜிடிபியில் இந்தியா மயிரிழை முன்னால்கூட இருந்தது. அப்புறம் என்ன நடந்தது என்று கேட்டால் வழக்கமாக வரும் பதில்: சீனா 1978இல் டெங் சியோபிங் காலத்தில் கதவைத் திறந்தது, நாம் 1991இல்தான் திறந்தோம், பதின்மூன்று வருஷம் தாமதம். இது பாதி பதில். மீதிப் பாதி கதவு திறப்பதற்கு முன்பே நடந்தது. 1990 கணக்கெடுப்பில் சீனாவின் வயது வந்தோரில் 78 சதவீதம் பேருக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது. 1991 கணக்கெடுப்பில் இந்தியாவின் எழுத்தறிவு 52 சதவீதம், பெண்களிடையே 39. சராசரி ஆயுளில் சுமார் பத்து ஆண்டு வித்தியாசம். மாவோ காலத்தைப் புகழ்வதற்காகச் சொல்லவில்லை. 1959 முதல் 1961 வரை நடந்த பஞ்சத்தில் கோடிக்கணக்கானவர்கள் செத்த காலம் அது. ஆனால் தெற்குச் சீனாவின் ஷென்ஜென் 1980இல் சிறப்புப் பொருளாதார மண்டலமாகி, தொழிற்சாலைகள் வந்து ஆள் தேடியபோது, கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்த பெண்ணுக்கு அறிவிப்புப் பலகையைப் படிக்கத் தெரிந்திருந்தது. அவள் வேலைக்குப் போவதை ஊர் விசித்திரமாகவும் பார்க்கவில்லை.

“அங்கே சர்வாதிகாரம், அதனால் முடிகிறது” என்பது டீக்கடையில் தொடங்கிப் பட்டிமன்றம் வரை ஓடும் வாதம். சீனாவில் நிலம் அரசுடையது அல்லது கிராமக் கூட்டுக்கு உரியது, சாலை போடுவது சுலபம் என்பது உண்மைதான். மேற்கு வங்கத்தின் சிங்கூரில் நிலம் எடுத்ததை எதிர்த்த போராட்டத்தால் நானோ கார் ஆலை இடம் பெயர்ந்ததே, அது அங்கே நேர்ந்திருக்காது. ஆனால் அதே சர்வாதிகாரம்தான் அந்தப் பஞ்சத்தையும் கொண்டுவந்தது, முப்பத்தைந்து ஆண்டு ஒற்றைக் குழந்தைக் கொள்கையையும் கொண்டுவந்தது. இந்த வாதத்தை இதோடு விடுகிறேன்.

இப்போது சீனாவுக்கு என்ன பிரச்சினை? பொருள் செய்வதில் ஒரு குறையும் இல்லை, உள்ளூரில் அதை வாங்க ஆள் போதவில்லை. அந்த நாட்டு ஜிடிபியில் குடும்பங்களின் செலவு நாற்பது சதவீதத்துக்கும் கீழே; இந்தியாவில் சுமார் அறுபது. சீனக் குடும்பம் கஞ்சம் என்பதல்ல காரணம். கிராமத்தில் பதிவான தொழிலாளி நகரத்தில் இருபது வருஷம் உழைத்தாலும், ஹூகோ என்ற குடியிருப்புப் பதிவு முறையால் பள்ளியும் மருத்துவமும் ஓய்வூதியமும் அவருக்கு அரைகுறைதான். ஆகவே சேமிக்கிறார். சேமித்ததைக் கொண்டுபோய் அடுக்குமாடி வீட்டில் போட்டார். உள்ளாட்சிகள் நில உரிமையை விற்றுக் கல்லாவை நிரப்பின. கட்டுமான நிறுவனங்கள் கடன் வாங்கிக் கட்டித் தள்ளின. 2020இல் அந்த நிறுவனங்களின் கடனுக்கு “மூன்று சிவப்புக் கோடுகள்” என்ற வரம்புகளை அரசு போட்டதும் சீட்டுக்கட்டு சரிந்தது. எவர்கிராண்டே என்ற கட்டுமான நிறுவனத்தின் கடன் மட்டும் 30,000 கோடி டாலருக்கு மேல். 2024 ஜனவரியில் ஹாங்காங் நீதிமன்றம் அதைக் கலைக்க உத்தரவிட்டது. வீட்டின் விலை இறங்கினால் தன் வாழ்நாள் சேமிப்பே இறங்கியதாகத்தானே ஒரு குடும்பம் நினைக்கும்? கையை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டது.

விளைவு, உள்ளூரில் விற்காத சரக்கு கப்பல் ஏறுகிறது. மின்சாரக் கார், சோலார் பேனல், பேட்டரி. சீன மின்சாரக் கார்களுக்கு 2024இல் அமெரிக்கா நூறு சதவீத வரி போட்டது, ஐரோப்பிய ஒன்றியமும் கூடுதல் வரி போட்டது. ஆலை வாசல் விலைகள் 2022 அக்டோபரிலிருந்து நீண்ட காலம் இறங்குமுகத்திலேயே இருந்தன. ஒருவரை ஒருவர் விலையில் வெட்டிக்கொண்டு யாருமே லாபம் பார்க்காத இந்த நிலைக்குச் சீனர்கள் “நெய்ஜுவான்” என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2023 ஜூனில் நகர்ப்புற இளைஞர் வேலையின்மை 21.3 சதவீதம் என்று வந்ததும், அந்தப் புள்ளிவிவரத்தை வெளியிடுவதையே சில மாதங்களுக்கு நிறுத்திவிட்டார்கள்!

இதைப் படித்துவிட்டு “சீனா முடிந்தது” என்று கொண்டாடுவோர் 2025 ஏப்ரலை நினைத்துப் பார்க்கலாம். வாகன மோட்டார்களுக்குத் தேவையான அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு போட்டது. சில வாரங்களிலேயே இந்தியக் கார், ஸ்கூட்டர் நிறுவனங்கள் உற்பத்தி நின்றுவிடுமோ என்று பதறின. 2024–25இல் சீனாவுடனான நம் வர்த்தகப் பற்றாக்குறை சுமார் 9,900 கோடி டாலர். “மேட் இன் இந்தியா” என்று எழுதிய செல்போனைத் திறந்து பார்த்தாலும் உள்ளே பெரும்பகுதி வெளியிலிருந்து வந்ததுதான்.

இந்தியாவின் சிக்கல் நேர் எதிர்ப்பக்கம். இங்கே வாங்க ஆசைப்படுகிறவர்கள் ஏராளம், கையில் சம்பளம் இல்லை. உழைப்பவர்களில் 46 சதவீதம் பேர் விவசாயத்தில் இருக்கிறார்கள். நாட்டின் மொத்த உற்பத்தியில் விவசாயத்தின் பங்கு சுமார் 18 சதவீதம். தொழில் உற்பத்தியின் பங்கை 25 சதவீதமாக்குவோம் என்று 2014இல் “மேக் இன் இந்தியா” சொன்னது. இன்னும் அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஐடி துறையைச் சொல்லிப் பெருமைப்படலாம், யுபிஐயைச் சொல்லியும் பெருமைப்படலாம். ஆனால் ஐடியில் நேரடியாக வேலை செய்பவர்கள் 50 லட்சத்துக்குச் சற்று மேல். உழைப்பாளர் கூட்டத்தில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தெரியும் எண் வேறு. சீனப் பெண்களில் சுமார் 60 சதவீதம் பேர் உழைப்புச் சந்தையில் இருக்கிறார்கள். இந்தியாவில் அந்த விகிதம் 2017–18இல் 23.3, 2023–24இல் 41.7. பெரிய ஏற்றம்தான். ஆனால் அதில் கணிசமான பகுதி கிராமத்தில் சொந்த நிலத்திலோ குடும்பக் கடையிலோ கூலியில்லாமல் செய்யும் வேலை. மாதச் சம்பளத்துக்குப் போகும் பெண்கள் எங்கே? தொழிற்சாலைகளின் ஆண்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள்: 2019–20இல் இந்திய ஆலைகளில் வேலை செய்த பெண்களில் 43 சதவீதம் பேர் தமிழ்நாடு என்ற ஒரே மாநிலத்தில். நமக்கு இது பெருமை, நாட்டுக்குக் கவலை.

இதன் பின்னால் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் சாப்பாடு, ஊருக்கு டவுன் பஸ், பத்தாவது பன்னிரண்டாவது முடித்த பெண், அப்புறம் தங்க ஓர் இடம். ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் சிப்காட் கட்டி 2024இல் திறந்த விடுதியில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கலாம். ஆலைக்குப் பக்கத்திலேயே விடுதி என்பது ஷென்ஜென் நாற்பது வருஷத்துக்கு முன் பிடித்த வழி. மகளை வெளியூர் அனுப்பும் அப்பாவுக்கு ஜிடிபி தெரிய வேண்டியதில்லை. ராத்திரி ஷிப்டு முடிந்தால் பஸ் உண்டா, வாசலில் வார்டன் உண்டா என்றுதான் கேட்பார்.

வயது நம் பக்கம் இருக்கிறது என்பார்கள். இந்தியாவின் நடுவயது (மக்களில் பாதிப் பேர் இதைவிட இளையவர்கள்) 28ஐ ஒட்டி, சீனாவுடையது 40ஐ ஒட்டி. சீனாவின் மக்கள்தொகை 2022இலிருந்து குறைந்துவருகிறது. ஓய்வு வயதைக்கூட 2025இலிருந்து படிப்படியாக ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் ஆள் குறையும் நாடு ரோபோவை இறக்குகிறது: உலகில் ஆண்டுதோறும் புதிதாக நிறுவப்படும் தொழிற்சாலை ரோபோக்களில் பாதிக்கு மேல் சீனாவில்தான். நம் மலிவான கைகளுக்குப் போட்டியே அந்த இயந்திரக் கைகள்தான். அதோடு நம் இளமையும் ஒரே சீராக இல்லை. 2019–21 கணக்கெடுப்பில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் தமிழ்நாட்டில் 1.8, பீகாரில் 3. பீகாரின் தலா வருமானமோ தமிழ்நாட்டுடையதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. இளைஞர்கள் ஓரிடத்தில், ஆலைகள் இன்னோரிடத்தில்.

ஆக, அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டில் வேகம் இந்தியாவுடையது என்று தயங்காமல் சொல்வேன். வேகம் வேறு, தூரம் வேறு. 2,700 டாலரில் ஆறரை சதவீதம் 175 டாலர். 13,000 டாலரில் நான்கே சதவீதம் 520 டாலர். நாம் வேகமாக ஓடும் வருஷத்திலும் இடைவெளி டாலரில் கூடிக்கொண்டுதான் போகும். இதனால் காலாண்டு ஜிடிபி அறிவிப்புகளை நான் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. சீனாவில் ஹூகோவைத் தளர்த்தி அந்தத் தொழிலாளிக்கு நகரத்திலேயே ஓய்வூதியம் கொடுக்கிறார்களா என்று பார்க்கிறேன். இங்கே, ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் திருப்பூருக்கு ரயில் ஏறும் பெண்களுக்கு அவரவர் மாவட்டத்திலேயே ஷிப்டு பஸ் எப்போது வரும் என்று பார்க்கிறேன்.