மெய்ட்லண்டை மூன்று தடவை வாங்கினேன்

சென்னையில் சட்டம் படித்தபோது ‘ரிட் மனு’ என்ற சொல் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது காதில் விழும். ரிட் என்றால் என்ன, அது எங்கிருந்து வந்தது என்று யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. இங்கிலாந்துக்கு வேலைக்கு வந்த பிறகு, மழைக்கு ஒதுங்கிய ஒரு சாரிட்டி ஷாப்பில் சட்ட வரலாற்றாசிரியர் மில்சம் எழுதிய இங்கிலாந்துப் பொதுச்சட்ட (காமன் லா) வரலாறு இரண்டு பவுண்டுக்குக் கிடைத்தது. 1981இல் வந்த இரண்டாம் பதிப்பு. ரிட் என்பது ராஜாவின் முத்திரையோடு, மாவட்டத்தில் அவருடைய அதிகாரியான ஷெரீஃபுக்குப் போன ஒரு தோல் துண்டு, சில வரி லத்தீன், அதைக் காசு கொடுத்து வாங்கினால்தான் பெரும்பாலான வழக்குகள் ராஜாவின் நீதிமன்றத்தில் தொடங்கவே முடியும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு தெரிந்துகொண்டதுதான். மில்சம் அவ்வளவு எளிதில் புரிகிற ஆள் இல்லை. மூன்றாம் தடவை படிக்கும்போதுதான் பிடி கிடைக்கும். ஆனாலும் பித்து அன்றே பிடித்துவிட்டது.

பதினோரு வருஷம் ஓடிவிட்டது. இப்போது வீட்டில் நான்கு தட்டு நிறைய மத்தியகால ஆங்கிலச் சட்டம். பாதிக்கு மேல் பழைய புத்தகங்கள், மீதி மறுஅச்சு. புத்தம் புதிதாக வாங்கியவை கைவிரலுக்குள் அடங்கும். இதே வழியில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று நான் பட்ட அனுபவத்தை எழுதுகிறேன்.

மற்றத் துறைகளில் நூறு வருஷப் பழைய புத்தகம் என்றால் அது அருங்காட்சியகச் சரக்கு. இங்கே அப்படியில்லை. பொல்லாக், மெய்ட்லண்ட் என்ற இரண்டு ஆங்கிலச் சட்ட அறிஞர்கள் சேர்ந்து முதலாம் எட்வர்ட் காலம் வரைக்குமான ஆங்கிலச் சட்ட வரலாற்றை 1895இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார்கள். இன்றைக்கும் யாரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும், சுற்றிக்கொண்டு போக முடியாது. எழுத்தின் பெரும்பங்கு மெய்ட்லண்டுடையது என்று முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர் 1906இல் காலமானார், ஆகவே அவருடைய எழுத்துக்குப் பதிப்புரிமை எப்போதோ போய்விட்டது. ஒரு ஸ்கேனரும் இணைய இணைப்பும் இருந்தால் யார் வேண்டுமானாலும் அச்சடித்து விற்கலாம். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதல் தடவை அப்படித்தான் ஏமாந்தேன். ஆர்டர் வந்த பிறகு அச்சடித்து அனுப்புகிற ஒரு கம்பெனி. பன்னிரண்டு பவுண்டு. அட்டையில் சூரியன் மறைகிற கடற்கரை. அதற்கும் பதின்மூன்றாம் நூற்றாண்டு நிலவழக்குக்கும் என்ன சம்பந்தமோ தெரியாது. பிரித்துப் பார்த்தால் முதல் தொகுதி மட்டும். விற்பனைப் பக்கத்தில் தொகுதி எண்ணே போடவில்லை. இரண்டு தொகுதிக்கும் சேர்த்துச் சொல்லடைவு இரண்டாம் தொகுதியின் கடைசியில்தான் இருக்கிறது, அதனால் எதையும் தேடவும் முடியவில்லை. ஓரக்குறிப்புகளைப் பாதி வெட்டியிருந்தார்கள். இருநூறாவது பக்கத்தை ஒட்டி, ஸ்கேன் செய்த யாரோ ஒருவரின் கட்டைவிரல், ரப்பர் உறையோடு, மூன்று வரியை மறைத்துக்கொண்டு கிடந்தது. அதுவும் போகட்டும் என்று படிக்க ஆரம்பித்த பிறகுதான் இது 1895 பதிப்பு என்பதே தெரிந்தது. 1898இல் வந்த இரண்டாம் பதிப்பில், சட்ட வரலாற்றின் இருண்ட காலம் பற்றித் தொடக்கத்தில் ஓர் அத்தியாயம் புதிதாகச் சேர்த்தார்கள். என்னிடம் அது இல்லை.

இரண்டாவதாக வாங்கியது கேம்பிரிட்ஜ் 1968இல் மறுபடி வெளியிட்டது. 1898 பதிப்பை அப்படியே படமெடுத்து அச்சிட்டது, ஆகவே பக்க எண் மாறாது. வேறு எந்த ஆய்வுக் கட்டுரையில் பக்க எண் கொடுத்தாலும் நேராகப் போய்ப் பார்க்கலாம். இதைச் சின்ன விஷயம் என்று நினைத்திருந்தேன். ஆறு மாதத்தில் நினைப்பு மாறிவிட்டது. போதாக்குறைக்கு முன்னால் மில்சம் எழுதிய நீண்ட அறிமுகம். இரண்டாம் ஹென்றி கொண்டுவந்த வழக்குமுறைகள் பிரபுக்களின் நீதிமன்றங்களை ஒழிக்க வந்தவை அல்ல, அவை ஒழுங்காக நடக்க வேண்டும் என்பதற்காக வந்தவை என்பது மில்சமின் கட்சி. மெய்ட்லண்டின் வீட்டு வாசலிலேயே நின்று, மரியாதை குறையாமல், அவரோடு சண்டை போடுகிறார். இந்த அறிமுகத்துக்காக மட்டுமே 1968 பதிப்பைத் தேடி வாங்கலாம்.

மூன்றாவது, 1898இன் அசல். இது தேவையே இல்லை, ஆசைதான். முன்பு வைத்திருந்தவர் நோவல் டிசீசின் பகுதியில் மட்டும் பென்சிலால் கோடுகோடாகப் போட்டு, ஓரத்தில் ‘தேர்வு’ என்று எழுதி அடிக்கோடு இட்டிருந்தார். நிலத்தைப் பிடுங்கிக்கொண்டவன்மேல் பறிகொடுத்தவன் போடுகிற அந்த வழக்கு எல்லாத் தலைமுறையையும் தேர்வில் படுத்தியிருக்கிறது போல.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உழைத்ததில் ஒன்று தெரிந்தது. கடற்கரை அட்டைக்காரர் இரண்டே வருஷத்தில் முதுகில் பிளந்து, நடுவில் முப்பது பக்கம் கையோடு வந்துவிட்டது. நூற்று இருபது வருஷத்துக்கு மேலான புத்தகம் மேஜையில் போட்டால் பட்டென்று மல்லாந்து படுக்கிறது, பிடித்துக்கொள்ளக்கூட வேண்டாம். பசையா தையலா என்பதுதான் வித்தியாசம். புத்தகத்தின் தலையை, அதாவது மேல்விளிம்பை, முதுகை ஒட்டிப் பாருங்கள். சின்னச் சின்ன மடிப்புக் கட்டுகளாகத் தெரிந்தால் தைத்தது. ஒரே சீராக வெட்டிய கேக் மாதிரி இருந்தால் பெரும்பாலும் பசை. விற்பவரிடம் அந்த ஒரு போட்டோ கேட்டு வாங்கிவிட்டுத்தான் இப்போதெல்லாம் பணம் அனுப்புகிறேன்.

முதன்முதலாகத் தொடங்குகிறவர் இவ்வளவு அவஸ்தைப்பட வேண்டாம். லிபர்ட்டி ஃபண்ட் என்ற அமெரிக்கப் பதிப்பகம் 2010இல் இந்த நூலைக் குறைந்த விலையில் கொண்டுவந்தது. ப்ளக்னெட் எழுதிய பொதுச்சட்டச் சுருக்க வரலாற்றின் 1956ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பையும் அவர்களே போட்டிருக்கிறார்கள். இலவசமாகவும் தரவிறக்கலாம். தேட பிடிஎஃப், படிக்கக் காகிதம் என்று நான் பிரித்துவைத்துக்கொண்டேன்.

அடுத்து செல்டன் சொசைட்டி. மெய்ட்லண்ட் முன்னின்று 1887இல் தொடங்கியது; வருஷத்துக்கு ஒரு தொகுதி என்று பழைய நீதிமன்றப் பதிவுகளை வெளியிடுகிற சங்கம். ஒரு பக்கம் லத்தீன் அல்லது சட்ட பிரெஞ்சு (அக்கால ஆங்கில வக்கீல்கள் பயன்படுத்திய பிரெஞ்சு), எதிர்ப்பக்கம் ஆங்கில மொழிபெயர்ப்பு. இந்த எதிரெதிர் அமைப்புதான் இதன் உயிர். மலிவு மறுஅச்சு ஒன்றில் எங்கோ ஒரே ஒரு பக்கத்தை ஸ்கேன் செய்யாமல் விட்டிருந்தார்கள். ஒரு பக்கம்தானே என்று நினைக்காதீர்கள். அதற்குப் பிறகு வலது இடதாகி, இடது வலதாகி, லத்தீனும் அதன் மொழிபெயர்ப்பும் ஒரே தாளின் முன்னும் பின்னுமாக உட்கார்ந்துகொண்டன. முந்நூறு பக்கத்துக்கு ஒவ்வொரு வரிக்கும் தாளைப் புரட்ட வேண்டியதாயிற்று. திருப்பி அனுப்பிவிட்டேன். பாதிப் பணம் வந்தது.

அதனால் செல்டன் தொகுதிகளை நூலகம் கழித்துவிட்ட பிரதிகளாகத்தான் வாங்குகிறேன். முதுகில் வெள்ளை மையில் அலமாரி எண், உள்ளே ‘நீக்கப்பட்டது’ முத்திரை, தேதிச்சீட்டு கிழித்த பசைத்தடம். சேகரிப்பவர்கள் முகம் சுளிப்பார்கள், விலை இறங்கும், நமக்கு நல்லது. மேனர் நீதிமன்ற (நிலப்பிரபு தன் ஊரில் நடத்திய நீதிமன்ற) வழக்குகளின் தொகுதி அப்படித்தான் வந்தது. பெக் மடத்துக்கும் ராம்சி மடத்துக்கும் சொந்தமான ஊர்களில் ஏல் என்ற பியர் விற்பதற்கான விதியை மீறிய பெண்ணுக்கு ஆறு பென்னி அபராதம், பக்கத்து வயலில் மாடு மேய்ந்ததற்கு இன்னொரு அபராதம் என்று பக்கம் பக்கமாகப் போகும். ராஜாக்களின் சட்டத்தை விட எனக்கு இதுதான் பிடித்தது. பஞ்சாயத்துக் கூடிய ஊரைத் தெரிந்தவனுக்கு அடிக்குறிப்பே தேவைப்படாது.

இரண்டாம் எட்வர்ட் காலத்து இயர்புக் (நீதிமன்ற வாதங்களைக் குறித்துவைத்த பழைய குறிப்பேடு) தொகுதி ஒன்று வந்த அன்று நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். பார்சலைப் பிரித்துப் புரட்டினால் பக்கம் புரளவில்லை. அச்சடித்து மடித்த தாளின் மேல்மடிப்பை யாருமே வெட்டவில்லை! நூலகத்தில் எண்பது வருஷம் இருந்து, முத்திரை வாங்கி, கழிக்கப்பட்டு, ஒருவர் கையும் உள்ளே போகாமல் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. வெண்ணெய்க் கத்தியை எடுத்து, மொட்டை முனையை மடிப்புக்குள் விட்டு, வெளிப்பக்கமாக இழுத்தேன். ஒவ்வொரு வெட்டுக்கும் கொஞ்சம் பஞ்சுத்தூள் மடியில் விழுந்தது. கூர்மையான கத்தி கூடாது, அது மடிப்பை விட்டுப் பக்கத்துக்குள் பாய்ந்துவிடும். ஒரு பக்கம் அப்படித்தான் போயிற்று. உள்ளே தலைமை நீதிபதி பெர்ஃபோர்ட் வக்கீல்களை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். எழுநூறு வருஷப் பழைய கிண்டலை அந்தப் பிரதியில் முதலில் படித்தவன் நான்தான்.

சட்ட பிரெஞ்சுக்குப் பயப்பட வேண்டாம். பேக்கர் தொகுத்த கையேடு ஒன்று உண்டு, 1990இல் வந்த இரண்டாம் பதிப்பை வாங்குங்கள். பிற்காலத்தில் அந்த மொழி நம் கோர்ட் வளாகத் தங்கிலீஷ் மாதிரி ஆகிவிட்டது. 1631இல் சால்ஸ்பரியில் ஒரு கைதி நீதிபதிமேல் கல்லை வீசினான், குறி தப்பியது. அதைப் பதிந்தவர் ‘பிரிக்பாட்’ (செங்கல் துண்டு) என்று ஆங்கிலத்திலேயே எழுதி, ‘நாரோலி மிஸ்ட்’ (மயிரிழையில் தப்பியது) என்று முடித்துவிட்டு, மீண்டும் பிரெஞ்சுக்குப் போய்விடுகிறார்.

பழசு எல்லாம் பொன் இல்லை. பிராக்டன் பெயரில் வழங்கும் பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சட்ட நூலை ட்விஸ் பதிப்பித்தது, 1878 முதல் 1883 வரை ரோல்ஸ் சீரிஸ் என்ற வரிசையில் ஆறு தொகுதி, பார்க்க ஜம்மென்று இருக்கும். மூலமும் பிழை, மொழிபெயர்ப்பும் பிழை. சும்மா கொடுத்தாலும் வேண்டாம். அறிமுகப் பாடநூல்களில் பழைய பதிப்பு வாங்கவே கூடாது. பேக்கரின் சட்ட வரலாற்று அறிமுகம் என்றால் 2019இல் வந்த ஐந்தாவதுதான். பதினெட்டாம் நூற்றாண்டுப் புத்தகங்களைக் கணினி ‘படித்து’ எழுத்தாக்கி விற்பவர்கள் பக்கமும் போகாதீர்கள். அந்தக் கால அச்சில் நீளமாக இருக்கும் எஸ் எழுத்தை கணினி எஃப் என்று எடுத்துக்கொள்கிறது. நிலச்சட்டத்தின் அச்சாணியான ‘சீசின்’ (நில உடைமை) என்ற சொல், ரீவ்ஸ் எழுதிய ஆங்கிலச் சட்ட வரலாறு முழுக்க ‘ஃபீஃபின்’ ஆகிக் கிடந்தது. முதல் பத்துப் பக்கம் சிரிப்பு, அப்புறம் தலைவலி.

மறுஅச்சிலும் நல்லது இருக்கிறது. அமெரிக்காவின் லாபுக் எக்ஸ்சேஞ்ச் போடுகிறவை துணி அட்டை, கெட்டித்தாள்; என்னிடம் இருக்கும் மூன்றும் ஒன்பது வருஷமாக அசையவில்லை. லண்டனில் நேரில் பார்த்து வாங்க லிங்கன்ஸ் இன் என்ற வக்கீல் வளாகத்தின் வளைவுக்கடியில் வைல்டி என்ற கடை இருக்கிறது, 1830இலிருந்து சட்டப் புத்தகம்தான் விற்கிறார்கள். தோல் பைண்டிங் மட்டும் யோசித்து வாங்குங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தோல் செங்கல்பொடியாக உதிர்ந்து சட்டையெல்லாம் ஒட்டும், வீட்டில் ஏச்சும் கிடைக்கும்.

மிச்சமிருக்கும் ஒரே குறை பிராக்டன். தோர்னின் மொழிபெயர்ப்பு நான்கு தொகுதி: முதல் இரண்டு 1968இல், அடுத்த இரண்டு 1977இல். என்னிடம் முதல் இரண்டுதான் இருக்கின்றன. முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, படிப்புக்குத் தடையில்லை. ஆனால் அந்த நூலின் பெரும்பகுதி 1220களிலும் 30களிலும் வேறு கைகளில் உருவானது, பிராக்டன் பிறகு வந்து சேர்ந்தவர் என்று தோர்ன் வாதிடுவது மூன்றாம் தொகுதியின் முன்னுரையில். ஆக, என் தட்டில் இப்போதைக்கு அதை எழுதியவர் பிராக்டன்தான். மூன்றாவதைத் தனியாக யாராவது விற்றால் சொல்லுங்கள்.