சாய்வெழுத்தோடு 12 வருடக் குடித்தனம்

கதை எழுதத் தொடங்கிய நாள் முதல் சாய்வெழுத்தைப் பயன்படுத்தி வருகிறேன். செலவில்லை, தேய்மானமில்லை. கண்ட்ரோலோடு ஐ-யை அழுத்தினால் வரி பணிவாகச் சாய்ந்து கொடுக்கும். ஆபத்தே அந்தச் சுலபத்தில்தான்.

முதல் சில வருடங்கள் கை நிற்கவில்லை. கனவா, சாய். பழைய நினைவா, சாய். மனசுக்குள் பேசுகிறாளா, கேட்கவே வேண்டாம். ஒரு கதையில் கனவுக்குள்ளேயே கடிதம் வந்துவிட்டது. ஏற்கெனவே சாய்ந்து கிடப்பதை இன்னும் எங்கே சாய்ப்பது? கடிதத்தை மட்டும் நிமிர்த்தி வைத்தேன். படித்த நண்பர், "அவன் எப்போது விழித்தான்?" என்று கேட்டார்.

பார்வைக்கும் அப்படி ஒன்றும் அழகில்லை. ரோமன் எழுத்தின் சாய்வு வேறு ரகம். வெனிஸில் ஆல்டஸ் மனுசியஸின் அச்சகத்துக்காக, கையெழுத்தைப் பார்த்து பிரான்செஸ்கோ கிரிஃபோ தனியாகவே வெட்டிய அச்சு அது. 1501-ல் வந்த வெர்ஜில் கவிதை நூல் முழுக்க அந்த எழுத்துதான். பெரிய எழுத்துகள் மட்டும் விறைப்பாக நின்றன. அழுத்திச் சொல்லும் உத்தியோகம் அதற்குப் பிற்பாடு கிடைத்தது. நம் எழுத்துருக்கள் பலவற்றில் தனிச் சாய்வு கிடையாது. நிற்கிற எழுத்தை மென்பொருள் தோளைப் பிடித்துத் தள்ளுகிறது. புள்ளி, அடுத்த எழுத்தின் தலையில் உட்காரப் பார்க்கிறது.

அழுத்தத்துக்கு நமக்கு இது தேவையே இல்லை என்பது தாமதமாகத்தான் உறைத்தது. ஏகாரத்துக்கு நன்னூல் சொல்லும் ஆறு பொருளில் தேற்றமும், அதாவது உறுதியாகச் சொல்வதும், ஒன்று. 'அவளே சொன்னாள்', 'அவள்தான் சொன்னாள்', 'அவள் சொல்லத்தான் சொன்னாள்': மூன்றும் மூன்று கதை. எந்தச் சாய்வும் இதைச் செய்யாது. (இந்தப் பத்தியில் இத்தனை 'தான்' போட்டபின் எதைச் சாய்ப்பது?)

பெரிய அடி ஓர் இதழுக்குக் கதை அனுப்பியபோது விழுந்தது. வெறும் உரையாக ஒட்டி அனுப்பியதில் சாய்வு மொத்தமும் உதிர்ந்துவிட்டது. மருமகள் மனசுக்குள் சொன்ன 'சீக்கிரம் கிளம்பித் தொலையேன்', மாமியார் முகத்துக்கு நேராகவே சொன்னதாக அச்சேறியது. அடுத்த வரியில் மாமியார் சிரித்துக்கொண்டே காபி கேட்கிறார். நுட்பமான பாத்திரப் படைப்பு என்று ஒருவர் பாராட்டினார். மறுக்கவில்லை.

அதற்குப் பிறகு 'என்று நினைத்துக்கொண்டாள்' என எழுதிவிடுகிறேன். ஒட்டினாலும் உதிராது, கணினி உரக்கப் படித்தாலும் காதில் விழும்.

ஒரே ஓர் இடத்தில் இன்னும் விடவில்லை. இப்போது எழுதும் கதையில் மகன் வீட்டை விற்கப் பேசிக்கொண்டிருக்கிறான். நடுவில், இறந்துபோன அப்பாவின் குரல் குறுக்கிடுகிறது. அங்கே 'என்று' போட முடியவில்லை. போட்டால் அவர் உயிரோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். 'என்று தோன்றியது' என்றாலோ அது மகனின் குரலாகிவிடுகிறது. அந்த ஒரு வரியை மட்டும் சாய்த்து வைத்திருக்கிறேன். இந்த முறை பிடிஎஃப்-ஆக அனுப்புவேன்.