மார்ச் 4-ஆ, ஜனவரி 20-ஆ: அமெரிக்க அதிபர் பதவியேற்பின் இரண்டு தேதிகள்

1793 முதல் 1933 வரை அமெரிக்க அதிபர்கள் மார்ச் 4-ஐ ஒட்டியே பதவியேற்றார்கள். தேர்தலோ நவம்பரில். குதிரைவண்டிக் காலத்துக்கு அந்த நான்கு மாத இடைவெளி தேவைப்பட்டது. ரயிலும் தந்தியும் வந்தபின் அதுவே வினையானது. 1860 நவம்பரில் வென்ற லிங்கன் பதவியேற்பதற்குள் ஏழு மாநிலங்கள் பிரிந்துபோவதாக அறிவித்துவிட்டன. 1932-33 குளிர்காலத்தில் வங்கிகள் வரிசையாக மூடியபோதும் ரூஸ்வெல்ட் மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1933-இல் ஏற்கப்பட்ட 20-ஆவது திருத்தம் பதவிக்காலம் முடிவதை ஜனவரி 20 நண்பகல் 12 மணி என்று அரசியலமைப்பிலேயே எழுதியது. 1937-இல் முதன்முறையாக அந்தத் தேதியில் ரூஸ்வெல்ட் பதவியேற்றார், கொட்டும் மழையில். அவருடைய முதல் பதவிக்காலம் ஆறு வாரம் குறைந்தது.

வானிலைக்காக மார்ச்சே மேல் என்பவர்களுக்கு ஒரு தகவல்: 1909 மார்ச் 4-இல் சுமார் 25 செ.மீ. பனி கொட்டி, டாஃப்ட் செனட் அவைக்குள் உறுதிமொழி எடுத்தார். ஆனாலும் ஜனவரிக் குளிர் கொடியதுதான். 1985-இல் நண்பகலிலேயே மைனஸ் 14 டிகிரி செல்சியஸ். ரீகனின் விழா நாடாளுமன்றக் கட்டடமான கேப்பிடலின் குவிமாட மண்டபத்துக்குள் போனது, அணிவகுப்பு ரத்து.

பதவியேற்பு நாள் ஞாயிறாக வந்தால்? 1821-இல் மன்றோ திங்கள்வரை தள்ளிப்போட்டார். இன்று 12 மணி தாண்டினால் பழைய பதவிக்காலம் காலாவதி. அதனால் ஞாயிறன்றே தனியாக ஒருமுறை, திங்களன்று மக்கள் முன் மறுமுறை: 1957, 1985, 2013.

இடைவெளி சுருங்கியதிலும் சிக்கல் உண்டு. 2000-இல் ஃபுளோரிடா மாநில வாக்கு எண்ணிக்கை பற்றிய வழக்கு டிசம்பர் 12-இல் முடிந்தபோது, அமைச்சரவை அமைக்க 39 நாளே மிஞ்சியது. அப்படியும் ஜனவரியே மேல்.