டீசல் காரில் பெட்ரோல்: கைகொடுத்த பட்டறை

திண்டிவனம் புறவழிச்சாலையிலுள்ள பங்க் ஒன்றில் என் டீசல் காரில் 12 லிட்டர் பெட்ரோல் நிரப்பப்பட்டுவிட்டது. மூடியின் உட்புறம் ஒட்டியிருந்த ‘டீசல்’ என்ற எழுத்தை ஊழியரும் பார்க்கவில்லை, கைபேசியில் மூழ்கியிருந்த நானும் கவனிக்கவில்லை. தொலைபேசியில் அழைத்ததும் அருகிலிருந்த பட்டறைக்காரர் முதலில் சொன்னது, “சாவியைத் திருப்பவே திருப்பாதீங்க சார்” என்பதுதான். இன்ஜினுக்கு எரிபொருளை அனுப்பும் உயர் அழுத்த பம்புக்கு டீசலே மசகாகவும் இருப்பதால், பெட்ரோல் உள்ளே போனால் உலோகம் தேய்ந்து, அதன் துகள்கள் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வரை சென்றுவிடக்கூடும் என்று பொறுமையாக விளக்கினார். வண்டியைத் தள்ளிச் சென்று, டேங்கை முழுவதும் வடித்து, ஃபில்டரை மாற்றி, மூன்று மணி நேரத்தில் ஒப்படைத்தார். வடித்த எரிபொருளைக் கேனில் காட்டியதும், பழைய ஃபில்டரைக் கையில் கொடுத்ததும் நம்பிக்கை அளித்தன. ரசீதை மட்டும் இருமுறை கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.